ஆளுநரைக் கைது செய்த பட்டாளம்: ஜான் மக்கார்தரும் 1808 சிட்னி கலகமும்

1808 ஜனவரி 26, சாயங்கால நேரம். ஆஸ்திரேலியாவில் பிரிட்டனின் கைதிக் குடியேற்றமான சிட்னியில் பிரிட்டிஷ் கொடி ஏறி அன்றோடு 20 வருஷம். முந்நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் கத்தி செருகி, பேண்டு வாத்தியம் முழங்க, பாசறையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு அணிவகுத்துப் போனார்கள். வாசலில் அவர்களை மறித்தது ஒரே ஒரு பெண்: ஆளுநரின் மகள் மேரி புட்லண்ட். கணவரைப் பறிகொடுத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த வெயில் குடையை ஓங்கிக்கொண்டு சிப்பாய்களை விரட்டப் பார்த்தார். அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனவர்கள் அறை அறையாகத் தேடி, ஒன்றரை மணி நேரம் கழித்து ஆளுநர் வில்லியம் பிளையைப் பிடித்தார்கள். 1789இல் பவுன்டி கப்பலில் தன் மாலுமிகளால் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்ட அதே பிளைதான்.

கைது உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் அந்தப் பட்டாளத்துக்குத் தலைமை வகித்த மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். காரியத்தை நடத்தியவர் வேறு ஆள். அவர் அன்று காலையில் சிட்னி சிறையில் கைதியாக உட்கார்ந்திருந்தார். 1804லேயே பட்டாளத்தை விட்டு விலகி, ஆடு வளர்த்து, கப்பல் விட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஜான் மக்கார்தர். காலையில் கைதி, மாலையில் ஆளுநரையே உள்ளே தள்ள வைத்தவர், சில வாரத்தில் காலனியின் செயலாளர். இது எப்படி முடிந்தது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

இந்தச் சம்பவத்துக்கு 'ரம் கலகம்' என்ற பெயர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துத்தான் ஒட்டியது. அந்தப் பெயர் நம் கவனத்தைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்றே நினைக்கிறேன். சாராயம் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விஷயம் அதைவிட ஆழமானது. துப்பாக்கி பிடிப்பவரே சரக்கு விற்கிறார், அவரே நீதிபதி ஆசனத்திலும் உட்காருகிறார் என்றால், அந்த ஊரில் ஆளுநர் என்று ஒருவர் இருப்பதற்கு என்ன பொருள்? அதற்கான பதில் அந்த ஒரு சாயங்காலத்தில் தெரிந்துவிட்டது.

காசு புழங்காத ஊர்

மக்கார்தர் பிறந்தது 1767, இங்கிலாந்தின் பிளிமத் பக்கம். அப்பா துணி வியாபாரி. பெரிய குடும்பம் இல்லை, கையில் காசும் இல்லை. பதினைந்து வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். அந்தப் படைப்பிரிவைச் சீக்கிரமே கலைத்துவிட்டதால் அரைச் சம்பளத்தில் வருஷக்கணக்கில் காலம் தள்ளினார். 1788இல் எலிசபெத் வீலைக் கல்யாணம் செய்தார். மறு வருஷம், உலகத்தின் மறு கோடியில் இருக்கும் கைதிக் குடியேற்றத்துக்கு என்று புதிதாகச் சேர்த்த நியூ சவுத் வேல்ஸ் படையில் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. வேறு வழி இல்லாதவர்கள் போன வேலை அது.

அவர் ஏறிய கப்பலின் பெயர் நெப்டியூன். கைதிகளை ஏற்றிப் போன கப்பல்களிலேயே மிக மோசமானது என்று பேர் எடுத்தது. ஏறத்தாழ 500 கைதிகளில் 158 பேர் வழியிலேயே செத்தார்கள். கப்பல் கிளம்பும் முன்பே மக்கார்தர் கேப்டனோடு சண்டை போட்டு, கரையில் இறங்கித் துப்பாக்கியால் சுட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனார். இருவருக்கும் காயம் இல்லை. கைக்குழந்தையோடு இருந்த எலிசபெத்தின் அறை, பெண் கைதிகளை அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாற்றம் தாங்காமல் நடுக்கடலில் ஸ்கார்பரோ கப்பலுக்கு மாறினார்கள். 1790 ஜூனில் சிட்னி வந்து இறங்கியபோது மக்கார்தருக்குக் கடன் மட்டும் 500 பவுண்டுக்கு மேல். இந்தக் கணக்கைப் பின்னாளில் எழுதி வைத்தவர் ஆளுநர் கிங். அதே ஆளுக்கு 1801இல் குறைந்தது 20,000 பவுண்ட் சொத்து இருந்தது என்றும் அவரே எழுதினார்.

பதினோரு வருஷத்தில் எப்படி? இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சிட்னியில் அப்போது நாணயம் கிடையாது. அரசாங்கக் கிடங்குதான் கடை. விவசாயி கோதுமையைக் கொண்டுபோய்ப் போட்டால் ரசீது கிடைக்கும், அந்த ரசீது கை மாறும். மற்றபடி பண்டமாற்று, இல்லையென்றால் புரோநோட்டு. ஆனால் வெளியிலிருந்து வரும் கப்பல்காரர் இந்த ரசீதை வாங்கிக்கொள்வாரா? அவருக்கு லண்டனில் செல்லும் காகிதம் வேண்டும். அந்தக் காகிதம் யாரிடம் இருந்தது? படை அதிகாரிகளிடம். அவர்கள் சம்பளம் லண்டனில் வரவாகும், அதன் பேரில் அவர்கள் உண்டியல், அதாவது லண்டனில் காட்டிப் பணம் வாங்கும் சீட்டு, எழுதித் தரலாம். மக்கார்தர் 1792இல் அந்தப் படையின் சம்பளக் கணக்கதிகாரி ஆனார். ஊரில் இருந்த ஒரே வெளிநாட்டுச் செலாவணியின் சாவி அவர் இடுப்பில்.

1792 டிசம்பரில் முதல் ஆளுநர் பிலிப் ஊர் திரும்பினார். அடுத்த ஆளுநர் வரும்வரை பொறுப்பு படைத்தலைவர் பிரான்சிஸ் குரோஸ் கைக்கு வந்தது. அந்த மாதமே ஹோப் என்ற அமெரிக்கக் கப்பல் வந்தது. மாவும் இறைச்சியும் வேண்டுமா, கூடவே 7,500 கேலன் ரம்மையும் வாங்கு, இல்லையென்றால் எதுவும் கிடையாது என்றார் கேப்டன். வாங்கினார்கள். அதிகாரிகள் கூட்டுச் சேர்ந்து கப்பல் சரக்கை மொத்தமாக எடுத்து, சிப்பாய்க்கும் சின்ன விவசாயிக்கும் பல மடங்கு விலையில் விற்கும் வழக்கம் வேரூன்றியது. கூலிக்குப் பதில் சாராயம், கோதுமைக்குப் பதில் சாராயம். கடனை அடைக்க முடியாதவர் நிலத்தை எழுதிக் கொடுத்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம் ஊரில் சொல்வது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும்.

குரோஸ் அதோடு நிற்கவில்லை. அதிகாரிகளுக்கு நிலம் கொடுத்தார், உழுவதற்குக் கைதிகளையும் கொடுத்தார், அந்தக் கைதிகளுக்குச் சோறு அரசாங்கக் கிடங்கிலிருந்து போனது. 1793இல் மக்கார்தருக்குப் பாரமட்டாவில் 100 ஏக்கர் கிடைத்தது, பொதுப்பணிகளின் மேற்பார்வையாளர் பதவியும் கூடவே வந்தது. எந்தக் கைதி எங்கே வேலை செய்வது என்று தீர்மானிப்பவர் இப்போது அவர். முதலில் 50 ஏக்கரைத் திருத்தியவர் என்று இன்னொரு 100 ஏக்கரும் வாங்கிக்கொண்டார். நிலத்துக்கு மனைவி பெயரை வைத்தார்: எலிசபெத் பண்ணை. அந்த நிலம் தாருக் மக்களில் பர்ரமட்டகல் குலத்தாருடையது. பாரமட்டா என்ற ஊர்ப் பெயரே அவர்களிடமிருந்து வந்ததுதான். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒத்திகை

மக்கார்தரைக் கொள்ளைக்காரர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மற்ற அதிகாரிகள் சரக்கு விற்றுச் சம்பாதித்ததோடு நின்றார்கள். இவர் அந்தப் பணத்தை எங்கே போடுவது என்று யோசித்தார். கல்கத்தாவிலிருந்து வந்த வங்காளப் பெட்டை ஆடுகளை ஐரிஷ் கிடாக்களோடு இணைத்துப் பார்த்தார். குட்டிகளின் உடம்பில் முரட்டு ரோமத்தோடு கம்பளியும் கலந்து வளர்வதைக் கண்டார். 1797இல் கேப்டன் வாட்டர்ஹவுஸ் தென்னாப்பிரிக்காவின் கேப் ஊரிலிருந்து மெல்லிய கம்பளிக்குப் பேர்போன ஸ்பானிய மெரினோ ஆடுகளைக் கொண்டு வந்தபோது, வாங்கியவர்களில் மக்கார்தரும் ஒருவர்.

1801 செப்டம்பரில் தன் மேலதிகாரியான கர்னல் பேட்டர்சனோடு மோதினார். இருவரும் துப்பாக்கியோடு நேருக்கு நேர் நின்றார்கள். பேட்டர்சன் தோளில் குண்டு பாய்ந்தது. ஆளுநர் கிங் மக்கார்தரைக் கைது செய்தார். ஆனால் விசாரிப்பது யார்? சிட்னியில் ராணுவக் கோர்ட் என்றால் அவருடைய சக அதிகாரிகள்தான். அதனால் கைதியை லண்டனுக்கே அனுப்பிவிட்டார் கிங். அனுப்பும்போது, காலனியில் பாதி ஏற்கெனவே இவருடையது, மீதிப் பாதியும் சீக்கிரமே போய்விடும் என்று மனம் வெதும்பி எழுதினார்.

லண்டனில் என்ன ஆனது? சாட்சிகள் எல்லாம் சிட்னியில் இருக்கிறார்களே, இங்கே எப்படி விசாரிப்பது என்று ராணுவம் கையை விரித்துவிட்டது. சிட்னியில் நியாயம் கிடைக்காது, லண்டனில் சாட்சி கிடைக்காது. இந்த இடைவெளியை மக்கார்தர் அன்றே கண்டுகொண்டார். 1808 கலகத்துக்குப் பிறகு இதே இடைவெளிதான் அவர் தலையைக் காப்பாற்றியது.

போகும் வழியில் புயலில் அடிபட்ட கப்பல் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் அம்போயினா தீவில் ஒதுங்கியது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர் ராபர்ட் ஃபார்குவர், சென்னையில் கம்பெனி எழுத்தராக வேலையைத் தொடங்கிய இளைஞர். அவர் ஒரு சிக்கலில் இருந்தபோது மக்கார்தர் யோசனை சொல்லி உதவினார். ஃபார்குவரின் அப்பா லண்டனில் இளவரசரின் வைத்தியர். அந்த ஒரு உதவி, பெரிய இடத்துக் கதவுகளைத் திறந்துவிட்டது.

அப்புறம் கம்பளி. நெப்போலியனோடு போர் நடந்த காலம் அது. ஸ்பெயினிலிருந்து வரும் மெல்லிய கம்பளி நின்றுவிடுமோ என்று ஆங்கிலேய ஆலைக்காரர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். மக்கார்தர் கையோடு கொண்டு போன கம்பளி மாதிரிகளை விரித்துக் காட்டினார். இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை மந்தை இரட்டிப்பாகும், 20 வருஷத்தில் ஸ்பெயினிலிருந்து வரும் அளவையும் நாங்களே தருவோம் என்று 1803இல் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் யோசனை கேட்கும் இயற்கை விஞ்ஞானி ஜோசப் பேங்க்ஸ் நம்பவில்லை. அமைச்சர் கேம்டன் பிரபு நம்பினார். உடனே 5,000 ஏக்கர், சொன்னபடி நடந்தால் இன்னும் 5,000. அரசருடைய மெரினோ மந்தையிலிருந்தே ஏலத்தில் ஆடு வாங்கிக்கொண்டு 1805இல் சிட்னி திரும்பினார். வந்த கப்பலுக்குப் பெயர் ஆர்கோ. கிரேக்கக் கதையில் தங்கக் கம்பளியைத் தேடிப் போன கப்பலின் பெயர் அது. விசாரணைக் கைதியாகப் போனவர் பண்ணையாராகத் திரும்பியதைக் கிங் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது.

நான்கு சில்லறைத் தகராறுகள்

பிளை 1806 ஆகஸ்டில் ஆளுநராக வந்தார். சாராயப் பண்டமாற்றை ஒழி என்பது லண்டன் அவருக்குக் கொடுத்த கட்டளை. நேர்மையான நோக்கம், நாக்கோ நெருப்பு. உனக்கு யாரும் கேள்விப்படாத அளவுக்கு ஆட்டு மந்தையும் மாட்டு மந்தையும் வேண்டுமா என்று முதல் சந்திப்புகளில் ஒன்றிலேயே தன்மேல் சீறினார் என மக்கார்தர் பின்னாளில் சாட்சி சொன்னார். ஹாக்ஸ்பரி ஆற்று வெள்ளத்தில் அடிபட்ட சிறு விவசாயிகளுக்குப் பிளை பக்கத்தில் நின்றார், அது உண்மை. வந்த கையோடு கிங்கிடமிருந்து தனக்கே ஆயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கிக்கொண்டதும் உண்மை.

1807 பிப்ரவரியில் சாராயப் பண்டமாற்றுக்குத் தடை வந்தது. அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு தகராறும் தனியாகப் பார்த்தால் சில்லறை. வெள்ளத்துக்கு முன்பு ஒருவர் மக்கார்தருக்குக் கோதுமை அளவில் புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளத்தால் விலை பல மடங்கு ஏறிய பிறகு, மூட்டைக் கணக்கிலேயே கொடு என்று மக்கார்தர் நின்றார், பிளை மறுத்தார். சாராயம் காய்ச்சும் கருவிகள் லண்டனிலிருந்து வந்தன, திருப்பி அனுப்பச் சொன்னார் பிளை. தாமிரக் கொப்பரைக்குள் மருந்து அடைத்திருக்கிறது என்று சொல்லி மக்கார்தர் வீட்டுக்கு எடுத்துப் போனவர் திருப்பித் தரவே இல்லை. அக்டோபரில் ஆள் அனுப்பிப் பிடுங்கினார்கள்.

மூன்றாவதுதான் வினையானது. மக்கார்தர் பங்குதாரராக இருந்த பாரமட்டா என்ற கப்பலில் ஒரு கைதி ஒளிந்து தாஹிட்டிக்குத் தப்பினார். கப்பல் திரும்பி வந்ததும் 900 பவுண்ட் ஜாமீன் தொகையைப் பறிமுதல் செய்ய உத்தரவு. அப்படியா, இந்தக் கப்பலே எனக்கு வேண்டாம் என்று கைகழுவினார் மக்கார்தர். சோறில்லாமல் போன மாலுமிகள் விதியை மீறிக் கரை இறங்கினார்கள். விளக்கம் கேட்டு வந்த அழைப்புக்கு அவர் போகவில்லை. டிசம்பர் 15 இரவு வாரண்டோடு வந்த தலைமைக் காவலரிடம், கட்டுப்பட மாட்டேன் என்று எழுத்திலேயே கொடுத்து அனுப்பினார். மறுநாள் கைது, பிறகு ஜாமீன்.

நான்காவது, ஒரு வேலி. சிட்னியில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் மக்கார்தர் குத்தகைக்கு வைத்திருந்த மனை தேவாலய உபயோகத்துக்கு உரியது என்றார் பிளை. விசாரணைக்குச் சில நாள் முன்பு, ஜனவரியில், மக்கார்தர் அங்கே கம்பம் நட ஆரம்பித்தார். நட்டவர்கள் படைச் சிப்பாய்கள். ஆளுநரின் ஆட்கள் வந்து கம்பங்களைப் பிடுங்கிப் போட்டார்கள். இந்தக் காட்சியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ராஜினாமா செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆன ஒருவருக்காக, சிப்பாய்கள் பட்டப்பகலில் ஆளுநருக்கு எதிராகக் குழி தோண்டுகிறார்கள். சட்டைதான் மாறியது, பிடி மாறவில்லை. ஊரார் முன்னிலையில் ஆளுநர் அந்தக் கம்பங்களைப் பிடுங்கியபோது, நாளை நம் மனைக்கும் இதுதான் என்று நிலம் வைத்திருந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் புரிந்தது.

இரண்டு நாள்

மக்கார்தரை விசாரிக்க இருந்த கோர்ட்டின் அமைப்பு இப்படி: நீதி அதிகாரி ஒருவர், படை அதிகாரிகள் ஆறு பேர். நீதி அதிகாரி ரிச்சர்ட் அட்கின்ஸ் சட்டம் படித்தவர் இல்லை, பெருங்குடிகாரர், மக்கார்தருக்குப் பழைய கடன் பாக்கி வைத்திருந்தவர். குடிபோதையில் மரண தண்டனை விதித்தவர், ஊர் கேலிக்கு ஆளானவர் என்று பிளையே லண்டனுக்கு எழுதியிருக்கிறார். அப்படி எழுதியவர் அதே ஆளை வைத்துத் தன் பெரிய எதிரியை விசாரிக்கப் புறப்பட்டதுதான் அவர் செய்த மிகப் பெரிய பிழை.

ஜனவரி 24 இரவு படை அதிகாரிகள் விருந்து. மக்கார்தரின் மகனும் ஜாமீன்தாரர்களும் அதில் கலந்துகொண்டார்கள். விருந்து முடிந்து வீடு திரும்பிய ஜான்ஸ்டன் குதிரை வண்டியிலிருந்து விழுந்து கையைக் காயப்படுத்திக்கொண்டார்.

25ஆம் தேதி காலை ஆறு அதிகாரிகளும் சத்தியப்பிரமாணம் எடுத்ததும் மக்கார்தர் எழுந்தார். எனக்குக் கடன்பட்டவர், என்மேல் பகை உள்ளவர், இவர் என்னை விசாரிக்கக் கூடாது என்று எழுதி வைத்ததை வாசித்தார். அட்கின்ஸ் குறுக்கே கத்தினார், உன்னைச் சிறையில் போடுவேன் என்றார். ஆறு பேரில் மூத்தவரான கேப்டன் கெம்ப், உன்னைத்தான் போட வேண்டும் என்று அட்கின்ஸைத் திருப்பி மிரட்டினார். அட்கின்ஸ் வெளியேற, ஆறு பேரும் வேறு நீதி அதிகாரி கேட்டு ஆளுநருக்கு எழுதினார்கள். நியமிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார் பிளை. அன்று முழுக்க ஓலை போவதும் வருவதுமாகவே கழிந்தது. ஜான்ஸ்டனைக் கூப்பிட்டு அனுப்பினார். உடம்பு சரியில்லை, வர முடியாது என்று பதில் வந்தது.

26 காலை மக்கார்தர் மறுபடி சிறையில். ஆறு அதிகாரிகளும் ராஜத் துரோகக் குற்றத்துக்குப் பதில் சொல்ல மறுநாள் என் முன் வர வேண்டும் என்று பிளை ஓலை அனுப்பினார். ஒரே அடியில் படையின் அதிகாரிகளில் ஒரு பெரும் பங்கைத் துரோகி ஆக்கிவிட்ட ஓலை அது. வர முடியாத ஜான்ஸ்டன் அன்று மாலை ஐந்து மணி வாக்கில் பாசறைக்கு வந்து சேர்ந்தார். முதல் வேலையாக மக்கார்தரை விடுவிக்க உத்தரவு எழுதினார். அதில் கையெழுத்துக்குக் கீழே துணை ஆளுநர் என்று போட்டுக்கொண்டார். ஆளுநர் இன்னும் தன் மாளிகையில் சுதந்திரமாக இருக்கும்போதே.

சிறையிலிருந்து வந்த மக்கார்தர் அங்கேயே ஒரு மனு எழுதினார். ஒவ்வொருவர் சொத்தும் சுதந்திரமும் உயிரும் ஆபத்தில் இருக்கின்றன, பிளையைக் கைது செய்து பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜான்ஸ்டனைக் கேட்கும் மனு. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் இருக்கின்றன. பெரும்பாலானவை பிளை பிடிபட்ட பிறகு போட்டவை. மனுவில் 'சொத்து' முதலில் வருகிறது, 'உயிர்' கடைசியில். எழுதியவரின் மனம் அந்த வரிசையிலேயே இருக்கிறது.

கணக்குத் தீர்த்தவர்கள்

புதிய நிர்வாகத்தில் மக்கார்தரை மறுபடி விசாரித்து விடுதலை செய்தார்கள். 'காலனியின் செயலாளர்' என்று அதுவரை இல்லாத ஒரு பதவியை உண்டாக்கி அவருக்குக் கொடுத்தார்கள். சில மாதம் உண்மையில் ஆட்சி செய்தது அவர்தான். அதற்குள் கூட்டாளிகளோடும் சண்டை வந்துவிட்டது. ஜூலையில் ஜான்ஸ்டனுக்கு மூத்த படை அதிகாரியான ஃபோவோ வந்து பொறுப்பேற்றதும் அந்தப் பதவி போனது. 1809இல் ஜான்ஸ்டனும் மக்கார்தரும் தங்கள் தரப்பைச் சொல்ல லண்டன் கிளம்பினார்கள்.

1811இல் ஜான்ஸ்டனுக்கு ராணுவ விசாரணை. ஆளுநரைக் கவிழ்த்த கலகத்துக்குத் தூக்கு கிடைத்திருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். பதவிநீக்கத்தோடு விட்டுவிட்டார்கள். மக்கார்தரைத் தொடவே முடியவில்லை. அவர் சிப்பாய் இல்லை, எனவே ராணுவக் கோர்ட் கூடாது. குற்றம் நடந்தது சிட்னியில், எனவே லண்டன் கோர்ட்டிலும் முடியாது. 1801 வழக்கில் கற்றுக்கொண்ட பாடம். ஆனால் சிட்னியில் கால் வைத்தால் அங்கேயே விசாரணை என்று புதிய ஆளுநர் மக்குவாரிக்கு உத்தரவு போயிருந்தது. அதனால் எட்டு வருஷத்துக்கும் மேல் ஊர் திரும்ப முடியவில்லை.

அந்த எட்டு வருஷமும் பண்ணையை நடத்தியவர் எலிசபெத். மந்தை, கைதி வேலைக்காரர்கள், கம்பளி தரம் பிரிப்பது, கணக்கு எல்லாம் அவர் தலையில். ஆஸ்திரேலியக் கம்பளித் தொழிலின் தந்தை என்று மக்கார்தருக்குப் பட்டம் கொடுப்பவர்கள் இந்த ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். சாமுவேல் மார்ஸ்டன் என்ற பாதிரியார் 1807லேயே ஒரு பீப்பாய்க் கம்பளியை இங்கிலாந்து கொண்டுபோய் அதில் துணி நெய்து காட்டியதையும் சேர்த்துத்தான் மறந்துவிடுகிறார்கள்.

கேம்டன் பிரபு மக்கார்தருக்குக் கொடுத்த நிலம் (அதற்கும் கேம்டன் என்றே பெயர்) தாராவல், குந்துங்குர்ரா மக்களின் மண். 1814 தொடங்கி அந்தப் பக்கத்தில் சண்டை மூண்டது. அவருடைய பண்ணை ஆட்களும் கொல்லப்பட்டார்கள். 1816 ஏப்ரல் 17 இரவு, மக்குவாரி அனுப்பிய படை ஆப்பின் என்ற ஊர் அருகே தூங்கிக்கொண்டிருந்த மக்களைச் சூழ்ந்தது. குறைந்தது 14 பேர் செத்தார்கள், பலர் செங்குத்தான பாறையிலிருந்து விழுந்து. 1808இல் ஆளுநரைப் பிடித்த பட்டாளத்தை அதற்குள் திருப்பி அழைத்துவிட்டார்கள், இது வேறு ரெஜிமென்ட். ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டும் என்ற தேவை மட்டும் அதேதான்.

பொது விவகாரத்தில் தலையிடக் கூடாது என்ற நிபந்தனையோடு 1817இல் மக்கார்தர் திரும்பினார். 1822இல் லண்டன் கலைச் சங்கம் அவர் கம்பளிக்கு இரண்டு தங்கப் பதக்கம் கொடுத்தது. 1824இல் 10 லட்சம் பவுண்ட் மூலதனத்தோடும் 10 லட்சம் ஏக்கரோடும் ஆஸ்திரேலிய விவசாயக் கம்பெனி உருவானதில் அவர் குடும்பத்தின் கை பெரிது. 1825இல் சட்டசபை உறுப்பினர். ஆளுநரைக் கவிழ்த்தவரே ஆளுநருக்கு ஆலோசனை சொல்லும் நாற்காலியில்.

நாற்காலி நெடுநாள் நிலைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அவ்வப்போது அழுத்திய மனச்சோர்வு முற்றியது. எலிசபெத்மேலேயே சந்தேகப்பட்டார், அவரைப் பக்கத்தில் வரவிடவில்லை. 1832இல் மனநிலை சரியில்லாதவர் என்று அறிவித்துச் சபையிலிருந்து நீக்கினார்கள். மகன்களின் பொறுப்பில், கேம்டனில் ஒரு சின்ன வீட்டில் இருந்து, 1834 ஏப்ரலில் இறந்தார். அவர் ஆசைப்பட்டுத் திட்டமிட்ட பெரிய மாளிகை அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. மறு வருஷம் கட்டி முடித்தார்கள். எலிசபெத் இன்னும் 16 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1966இல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது இரண்டு டாலர் நோட்டில் மக்கார்தர் முகத்தை அச்சிட்டார்கள். பக்கத்தில் சுருள் கொம்போடு ஒரு மெரினோ கிடா. நாணயமே இல்லாத ஊரில் வந்து இறங்கிய ஆளின் முகம் 1988 வரை அந்த நோட்டில் கை மாறிக்கொண்டிருந்தது.